அப்பா வயல் மண்ணில் பிடித்த பாக்டீரியா ஆட்டு ரத்த அணு உடைவதைத் தடுக்கிறது: இதை 'காம்ப்ளிமென்ட் இன்ஹிபிட்டர்' என்று எழுதலாமா?

வெண்ணாற்றங்கரை எழுதியது:

வணக்கம். மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் எம்எஸ்சி மைக்ரோபயாலஜி கடைசி செமஸ்டர் படிக்கிறேன். ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எழுதும்போது ஒரு சந்தேகம். கைடிடம் இரண்டு தடவை கேட்டாயிற்று, மூன்றாவது தடவை கேட்கப் பயம், அதனால் இங்கே வந்தேன்.

எங்களுக்கு வெண்ணாற்றுப் பாசனம். போன வருஷம் தாளடி அறுப்புக்கு முன்னால் தெளித்த உளுந்தை ஏப்ரலில் பிடுங்கியபோது, வேரில் ஒட்டியிருந்த மண்ணை உதறி எடுத்து வந்தேன். "ஊரே மண்ணைக் கழுவிட்டுப் போவுது, படிச்ச பொண்ணு மண்ணைக் கட்டிட்டுப் போவுது" என்று அப்பா சிரித்தார். நிழலில் ஒரு வாரம் உலர்த்தி ஸ்டார்ச் கேசின் அகாரில் போட்டதில் 23 ஆக்டினோமைசீட்ஸ் (பூஞ்சை போல இழையாக வளரும் மண் பாக்டீரியா) தனித்தனியாகப் பிரிந்தன. சுண்ணாம்புப் பொடி தூவியது போல காலனி, தட்டைத் திறந்தால் கோடை மழை வாசனை. டிசம்பரில் அதே வயலில் தண்ணீர் நின்றபோது எடுத்த சேற்றில் நான்குதான் வந்தது, அது ஏன் என்றும் யாராவது சொன்னால் நல்லது.

23ஐயும் ப்ராத்தில் (திரவ ஊட்டம்) 28 டிகிரியில் 10 நாள் வளர்த்தேன். பாதியை செல் நீக்கிய ப்ராத்தாகவே எடுத்துக்கொண்டேன், பாதியை எத்தில் அசிடேட் என்ற கரைப்பானில் இறக்கினேன். அப்புறம் ஹீமோலிசின் (ஆட்டு அணுவில் ஒட்டும் ஆன்டிபாடி) பூசிய ஆட்டு ரத்த அணு, எங்கள் வகுப்பில் நான்கு பேரிடம் எடுத்துக் கலந்த சீரம், அதில் இந்தச் சாறு. சீரத்தில் இருக்கிற, கிருமியையும் அந்நிய அணுவையும் உடைக்கும் புரத வரிசைதான் காம்ப்ளிமென்ட். சாறு இல்லாமல் வைத்த குழாயில் அணுக்கள் உடைந்து கண்ணாடி போல் சிவந்துவிடுகிறது. 6, 11, 19 என்று எண் கொடுத்த மூன்றின் சாறும் போட்ட குழாய்களில் பாதிக்கு மேல் உடையாமல் அடியில் தங்கிவிட்டன. 6, 11 இரண்டும் ப்ராத், 19 மட்டும் எத்தில் அசிடேட் சாறு.

கைடு "காம்ப்ளிமென்ட் இன்ஹிபிட்டர் (தடுப்பான்) கண்டுபிடிப்பு" என்று தலைப்பு போடச் சொல்கிறார். முன்னுரையில் "மண்ணிலுள்ள ஸ்ட்ரெப்டோமைசிஸ் தரும் காம்ப்ஸ்டாட்டின் என்ற பொருள் ஏற்கனவே மருந்தாகிவிட்டது" என்று ஒரு வரி இருக்கிறது. (ஸ்ட்ரெப்டோமைசிஸ் ஆக்டினோமைசீட்ஸில் ஒரு வகை.) அது சீனியர் ரிப்போர்ட்டிலிருந்து வந்தது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இப்படி எழுதலாமா? எங்களிடம் சாறில் உள்ள பொருட்களைப் பிரித்தெடுக்கும் ஹெச்பிஎல்சி கருவி கிடையாது. ஸ்பெக்ட்ரோ, வாட்டர் பாத், சென்ட்ரிஃப்யூஜ் மட்டும்தான்.


பெஞ்ச்_ஓரம் எழுதியது:

அந்த ஒரு வரியை முதலில் அழித்துவிடும்மா. வைவாவுக்கு வருகிற எக்ஸ்டர்னலில் ஒருவர் இம்யூனாலஜிக்காரராக இருந்தால் அதிலேயே உட்கார்ந்துவிடுவார். இரண்டு பெயர்கள் குழம்பியிருக்கின்றன, ஓர் எழுத்துதான் வித்தியாசம் என்பதால் நானும் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது குழம்பியவள்தான்.

காம்ப்ஸ்டாட்டின் மண்ணிலிருந்து வந்ததே இல்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஜான் லாம்ப்ரிஸ் குழு 1996ல் ஃபேஜ் டிஸ்ப்ளே முறையில், கோடிக்கணக்கான பெப்டைடுகளை (சின்னப் புரதத் துண்டுகள்) வைரஸ்களின் மேல் ஏற்றிச் சலித்து, காம்ப்ளிமென்டின் சி3 புரதத்தைப் பிடிக்கிற ஒன்றை எடுத்தார்கள். 13 அமினோ அமிலம், வளையமாக வளைந்தது. அதைத் திருத்தித் திருத்தி பெக்செட்டகோபிளான் என்ற மருந்தாக 2021ல் அமெரிக்காவில் அனுமதி வாங்கினார்கள்.

உன் சீனியர் தேடியது காம்ப்ளெஸ்டாட்டின். அது நிஜமாகவே மண் வம்சம், ஸ்ட்ரெப்டோமைசிஸ் லாவெண்டுலே தருவது. காம்ப்ளிமென்ட் கிளம்புகிற வழிகளில் ஒன்றான மாற்றுப் பாதையைத் தடுக்கிறது என்று 1980ல் கட்டுரை வந்தது. குளோரின் மட்டும் ஆறு தொங்குகிற ஒரு முரட்டுப் பெப்டைடு. மருந்தாகவில்லை. ஆனால் அதன் கதையை நீ தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் உன் கேள்விக்குப் பதில் அதில்தான் இருக்கிறது. 1990களில் எச்ஐவி ஆட்கள் தங்கள் சல்லடையில் சலித்தபோது இதுவும் இதன் ஒட்டிய உறவான குளோரோபெப்டினும் மறுபடி விழுந்தன, வைரஸ் செல்லில் ஒட்டுவதைத் தடுக்கிறது என்று. 2020ல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் வேறொரு சல்லடை வைத்தார்கள். பாக்டீரியா வளரும்போது தன் செல் சுவரைத் தானே கொஞ்சம் வெட்டிக்கொடுத்துத்தான் நீள முடியும், அந்த வெட்டுகிற நொதிகளைச் சுவரில் நெருங்கவிடாமல் காம்ப்ளெஸ்டாட்டின் மறித்துக்கொண்டு நிற்கிறது, எதிரி பாக்டீரியா வளர முடியாமல் போகிறது. மண்ணில் அந்த உயிருக்கு இதுதான் வேலையாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. மண்ணுக்குள் ஏது ரத்தம், ஏது சி3? காம்ப்ளிமென்டைத் தடுக்கிறது என்பது நாம் அந்தக் குழாயில் போட்டுப் பார்த்ததால் தெரிந்த குணம், பெயரும் அதன்மேலேயே ஒட்டிக்கொண்டது.

இதே காலத்தில் ஜப்பானில் கே-76 என்ற பொருளும் வந்தது. அது பாக்டீரியா இல்லை, ஸ்டாக்கிபாட்ரிஸ் என்ற பூஞ்சை. பூஞ்சைக்கே 'காம்ப்ளிமென்டி' என்று இனப்பெயர் வைத்துவிட்டார்கள், அவ்வளவு நம்பிக்கை. அது முக்கியமாக அடித்தது காம்ப்ளிமென்ட் வரிசையில் சி3க்கு அடுத்து வரும் சி5 படியை. அதே சி5ஐப் பிடிக்கிற எக்குலிசுமாப் என்ற ஆன்டிபாடி ஊசிதான் 2007ல் முதல் காம்ப்ளிமென்ட் மருந்தாக வந்தது. மண் சரியான இடத்தைக் காட்டத்தான் செய்தது. ஆனால் சின்ன மூலக்கூறால் அங்கே நின்று பிடிக்க முடியவில்லை. ஒரு மில்லி சீரத்தில் சி3 மட்டுமே ஏறக்குறைய 1 மில்லிகிராம் இருக்கிறது, அத்தனையையும் பிடித்து வைக்க எவ்வளவு மருந்து வேண்டும் என்று நீயே கணக்குப் போட்டுப் பார். போதாததற்கு இந்தப் புரதங்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டுகிற பரப்பு தட்டையானது, சின்ன மூலக்கூறு போய் உட்காரக் குழியே இருக்காது.

டிசம்பர் சேற்றில் ஏன் நான்கு என்றால், ஆக்டினோமைசீட்ஸுக்குக் காற்று வேண்டும். தண்ணீர் கட்டிய நெல் வயலில் மேல்மண் சில மில்லிமீட்டருக்குக் கீழே ஆக்ஸிஜன் இல்லை. உளுந்து நேரத்தில் களிமண் வெடித்துக் காற்று இறங்குகிறது. நீ முகர்ந்த மழை வாசனையும் அவர்கள் விடுகிற ஜியோஸ்மின்தான்.

தலைப்பு விஷயத்துக்கு வருகிறேன். 'இன்ஹிபிட்டர்' என்று இப்போதைக்கு எழுதாதே. ஒப்பிட்டுப் பார்க்கக் கட்டுப்பாட்டுக் குழாய்கள் என்னென்ன வைத்தாய் என்று சொல்லு முதலில்.


கடைமடைக்காரன் எழுதியது:

நான் ஆராய்ச்சியாளன் கிடையாது, தஞ்சாவூரில் லேப் டெக்னீஷியன், சொந்த ஊர் வேதாரண்யம் பக்கம். இருபது வருஷமாகச் சீரத்தோடுதான் பிழைப்பு, அந்த உரிமையில் சில வார்த்தை.

தங்கச்சி, முதல் கேள்வி, சிரிக்காதீங்க. ஆட்டு ரத்தம் எங்கே வாங்கினீங்க? நம்ம ஊர்க் கறிக்கடையில் தொங்குவது பெரும்பாலும் வெள்ளாடு. ஹீமோலிசின் பாட்டிலில் எழுதியிருப்பது செம்மறி. வெள்ளாட்டு அணுவிலும் அது கொஞ்சம் ஒட்டும், அதனால் டெஸ்ட் சுத்தமாகச் செத்துப்போகாது, அரைகுறையாக வேலை செய்து ஆளை ஏமாற்றும்.

அப்புறம் இந்த டெஸ்டே கடைமடையில் நின்று வயலைப் பார்க்கிற மாதிரி. எங்கள் ஊரில் வயல் காய்ந்திருக்கிறது என்றால், மேலே மதகு அடைத்திருக்கலாம், நடுவில் எவனாவது என்ஜின் வைத்து இறைத்திருக்கலாம், கரை உடைந்து தண்ணீர் வேறு பக்கம் போயிருக்கலாம், ஷட்டரே துருப்பிடித்துத் தூக்க முடியாமல் இருக்கலாம். நிற்கிறவனுக்குத் தெரிவது காய்ந்த வயல் ஒன்றுதான். சி1ல் தொடங்கி சி4, சி2, சி3, சி5 என்று இறங்கி சி9 வரை வந்து அணுவில் ஓட்டை விழுந்தால்தான் உங்கள் குழாய் சிவக்கும். நடுவில் எங்கே என்ன ஆனாலும் சிவக்காது. அதில் 'மதகை அடைத்தான்' என்பது மட்டும்தான் இன்ஹிபிட்டர்.

இறைத்துவிட்டுப் போகிறவன் கதைக்கு நல்ல உதாரணம் நாகப்பாம்பு. அதன் விஷத்தில் ஒரு புரதம் இருக்கிறது, சி3யின் சாயலிலேயே இருக்கும், ரத்தத்தில் போய் ஃபேக்டர் பி என்ற காம்ப்ளிமென்ட் புரதத்தோடு சேர்ந்து சி3ஐ வெட்டிக்கொண்டே இருக்கும், நம் உடம்பின் பிரேக் எதுவும் அதை நிறுத்தாது, கடைசியில் சி3 தீர்ந்துவிடும். குழாயில் பார்த்தால் அதுவும் 'தடுத்த' மாதிரிதான் இருக்கும். உங்கள் ப்ராத்தில் செத்த பாக்டீரியாவின் சுவர்த் துண்டும் சர்க்கரைச் சங்கிலியும் மிதக்கும், அதுவும் காம்ப்ளிமென்டைச் சும்மா கிளப்பிவிட்டுத் தீர்த்துவிடும். இதைப் பார்க்கச் செலவில்லாத வழி: சாறையும் சீரத்தையும் கலந்து ஒரு குழாயை 37 டிகிரியில் அரை மணி, இன்னொன்றை ஐஸில் அரை மணி வையுங்கள், அதற்கு அப்புறம் அணுவைப் போடுங்கள். ஐஸில் எதுவும் கிளம்பாது. 37ல் வைத்தது மட்டும் வேலை செய்யாமல் போனால் சீரம் தீர்ந்துபோயிருக்கிறது என்று முதலில் சந்தேகப்பட வேண்டும்.

இன்னொரு ஆள் புரோட்டியேஸ். ஸ்ட்ரெப்டோமைசிஸ் கிரிசியஸ் ப்ராத்திலிருந்துதான் ப்ரோனேஸ் என்று விற்கிற புரோட்டியேஸ் கலவையே வருகிறது, கண்ட புரதத்தையும் நொறுக்கும். செல் நீக்கிய ப்ராத்தை அப்படியே போட்டால் உங்கள் காம்ப்ளிமென்டை அது தின்றிருக்கும். ப்ராத்தைக் கொதிக்க வைத்துப் போடுங்கள், ஸ்கிம் மில்க் அகாரில் ஒரு சொட்டு வையுங்கள், வட்டமாகத் தெளிந்தால் விடை வந்தாச்சு.

கால்சியம் விஷயத்தையும் மறக்காதீங்க. ஆன்டிபாடி கிளப்பிவிட்டு சி1ல் தொடங்குகிற கிளாசிக்கல் பாதைக்குக் கால்சியமும் மெக்னீசியமும் இரண்டும் வேண்டும், மாற்றுப் பாதைக்கு மெக்னீசியம் போதும். ப்ராத்தில் ஃபாஸ்பேட்டோ சிட்ரேட்டோ கூடுதலாக இருந்தால் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், இடிடிஏ ட்யூபில் ரத்தம் எடுத்து காம்ப்ளிமென்ட் டெஸ்டுக்கு அனுப்புகிற நர்ஸ் அக்காக்களிடம் நான் தினமும் படுகிற பாடு இதுதான். இரண்டு உப்பையும் கூடுதலாகப் போட்டுப் பாருங்கள், சிவப்பு திரும்பி வந்தால் உங்கள் 'மருந்து' வெறும் உப்புத் திருடன்.

பாக்டீரியாவே போடாத வெறும் ப்ராத்தை அதே 10 நாள் ஷேக்கரில் வைத்து ஒரு குழாய் வைத்தீர்களா? இதைத்தான் அக்காவும் கேட்டிருக்கிறார்.


வெண்ணாற்றங்கரை எழுதியது:

வைக்கவில்லை அண்ணா. 56 டிகிரியில் அரை மணி சூடாக்கிய சீரம் ஒரு கட்டுப்பாடு வைத்தேன், வெறும் சலைன் ஒன்று, சாறு கரைக்கும் டிஎம்எஸ்ஓ ஒன்று. வெறும் ப்ராத் தோன்றவே இல்லை. எங்கள் ப்ராத்தில் டைபொட்டாசியம் ஃபாஸ்பேட் தாராளமாக இருக்கிறது, இதை எழுதும்போதே வயிற்றைக் கலக்குகிறது.

கறிக்கடை அண்ணனிடம் இப்போதுதான் போன் போட்டுக் கேட்டேன். "செம்மறிதாம்மா, கிடா" என்று சத்தியம் செய்கிறார். அது மட்டும் தப்பியது.

அக்கா, கைடு இதையெல்லாம் செய்ய நேரமில்லை என்பார். சீரம் இன்னும் ஒரு 4 மில்லி ஃப்ரீசரில் இருக்கிறது, எதை முதலில் செய்யட்டும்?


பெஞ்ச்_ஓரம் எழுதியது:

வெறும் ப்ராத், கொதிக்க வைத்தது, உப்பு சேர்த்தது. இந்த மூன்றும் ஒரே நாளில் முடியும், சின்னச் சின்னக் குழிகள் உள்ள மைக்ரோடைட்டர் தட்டில் செய்தால் சீரம் ஒரு மில்லிகூட ஆகாது. மிச்சம் இருந்தால் ஐஸ் சோதனை. இன்னொன்று நான் சேர்க்கிறேன்: சீரமே இல்லாமல், உப்பு குறைந்த நீரில் அணுக்களைப் போட்டு உடைய வை, அதில் சாறு போட்டால் உடைவது நிற்கிறதா பார். நின்றால் உன் சாறு அணுவின் தோலைத்தான் கெட்டியாக்குகிறது, காம்ப்ளிமென்டைத் தொடவே இல்லை.

சீரத்தை ஃப்ரீசர் என்றாயே, மைனஸ் 20ஆ, 80ஆ? 20ல் வைத்தது என்றால் இன்றே செய், காம்ப்ளிமென்ட் அதில் நாளுக்கு நாள் குறையும்.

எல்லாம் தாண்டி ஒன்று நின்றால்கூட இன்னொரு சந்தேகம் மிச்சம் இருக்கும். சி1ஆர், சி1எஸ், சி2, ஃபேக்டர் பி, டி எல்லாம் செரீன் புரோட்டியேஸ். ரத்தம் உறைய வைக்கிறவையும் பெரும்பாலும் அதே சாதி. ஆக்டினோமைசீட்ஸ் லூபெப்டின் போல பொதுவாகப் புரோட்டியேஸைக் கட்டுகிற சின்ன பெப்டைடுகளைத் தாராளமாகச் செய்யும். அதனால் கடைமடை அண்ணன் மாதிரி யாரையாவது பிடித்து ஒரு ஏபிடிடி (ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்ற டெஸ்ட்) பார்த்துவிடு. உறைவதும் தள்ளிப்போனால் அது காம்ப்ளிமென்டுக்கென்று வந்தது இல்லை, எல்லா இடத்திலும் கைவைக்கிற ரகம்.


குடந்தை_தம்பி எழுதியது:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என் அக்காவுக்கு பிஎன்ஹெச், சொந்த ரத்த அணுக்களே உடைகிற நோய். காலையில் சிறுநீர் டீ டிகாஷன் நிறத்தில் போகும், மாதா மாதம் ரத்தம் ஏற்றுகிறோம். டாக்டர் சொன்ன ஊசியின் விலையைக் கேட்டுவிட்டு வீட்டில் யாரும் இரண்டு நாள் பேசவில்லை. இங்கே மண் பாக்டீரியா, காம்ப்ளிமென்ட் என்று தேடலில் வந்தது. இப்படி ஒன்று மலிவாக வர வாய்ப்பிருக்கிறதா? நேராகச் சொல்லுங்கள், நம்பிக்கை கொடுக்க வேண்டும் என்பதற்காகச் சொல்ல வேண்டாம்.


பெஞ்ச்_ஓரம் எழுதியது:

தம்பி, நேராகவே சொல்கிறேன். இந்த இழையில் பேசுகிற எதுவும் உங்கள் அக்காவின் சிகிச்சைக்குள் வராது. மண்ணிலிருந்து மருந்து வருவதற்கு ஆகிற காலத்துக்கு ஒரு உதாரணம் ராபமைசின். ஈஸ்டர் தீவின் மண்ணை 1964-65 பயணத்தில் எடுத்தார்கள், அதிலிருந்த ஸ்ட்ரெப்டோமைசிஸின் பொருள் சிறுநீரக மாற்று நோயாளிகளுக்கு மருந்தாக அனுமதி பெற்றது 1999ல். அதுவும் ஜெயித்த கதை, தோற்றவை எத்தனையோ.

பிஎன்ஹெச்சில் ரத்த அணுவின் மேல் இருக்க வேண்டிய சிடி55, சிடி59 என்ற இரண்டு காவல் புரதங்கள் ஒட்டாமல் போகின்றன, அதனால் சொந்தக் காம்ப்ளிமென்டே அணுவை உடைக்கிறது. எக்குலிசுமாப் விலை அமெரிக்காவில் வருஷத்துக்கு 4 லட்சம் டாலருக்கு மேல் என்று பேர்போனது, நீங்கள் பேசாமல் இருந்ததில் ஆச்சரியமில்லை. ஆனால் அந்த ஒரு ஊசியோடு கதை நிற்கவில்லை. ஃபேக்டர் பி-யைத் தடுக்கும் இப்டகோபான் என்ற மாத்திரைக்கு 2023 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அடியோடு குணமாக்குவது எலும்பு மஜ்ஜை மாற்று ஒன்றுதான், அதில் ஆபத்தும் இருக்கிறது. இவை எல்லாவற்றையும் ஹீமட்டாலஜிஸ்ட்டிடம் பெயர் சொல்லிக் கேளுங்கள். இந்த மருந்து எதைத் தொடங்கினாலும் மெனிஞ்சோகாக்கஸ் தடுப்பூசி பற்றியும் கேட்க வேண்டும், அந்தக் கிருமியை அடிப்பதில் காம்ப்ளிமென்டின் கடைசிப் படிதான் நமக்குப் பெரிய ஆயுதம், அதை அடைத்துவிட்டால் வாசல் திறந்த மாதிரி. யாராவது மண், மூலிகை, பொடி என்று 'காம்ப்ளிமென்ட் தடுப்பு' விற்றால் கிட்டவே விடாதீர்கள்.


குடந்தை_தம்பி எழுதியது:

நன்றி அக்கா. பெயர்களை எழுதி வைத்துக்கொண்டேன். அடுத்த வாரம் போகிறோம்.


வெண்ணாற்றங்கரை எழுதியது (பன்னிரண்டு நாள் கழித்து):

முடிவு சொல்ல வந்தேன். சீரம் மைனஸ் 20 தான் அக்கா, அன்றைக்கே செய்தேன்.

6: கொதிக்க வைத்ததும் ஒன்றுமில்லை. ஸ்கிம் மில்க் தட்டில் ஒரு ரூபாய்க் காசு அளவு தெளிந்த வட்டம். புரோட்டியேஸ். 11: வெறும் ப்ராத்தே கிட்டத்தட்ட அதே அளவு 'தடுத்தது', கால்சியம் போட்டதும் இரண்டும் சிவந்துவிட்டன. அண்ணா சொன்ன உப்புத் திருடன். தட்டைப் பார்த்துவிட்டு பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன், பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆயா முறுக்கு கொடுத்தார்.

19 நின்றுவிட்டது. கொதிக்க வைத்தாலும் நிற்கிறது, உப்பு போட்டாலும் மாறவில்லை, ஐஸிலும் 37லும் ஒன்றுபோல, உப்பு குறைந்த நீரில் அணுக்களைக் காப்பாற்றவில்லை. ஏபிடிடி ஒரு தெரிந்த லேபில் பார்த்துத் தந்தார்கள், பெரிய மாற்றமில்லை. கைடு முழுவதையும் கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லாமல், "வெறும் ப்ராத் அட்டவணையை முதல் பக்கத்திலேயே போடு" என்றார். தலைப்பு இப்போது "உளுந்து வேர்மண் ஆக்டினோமைசீட் ஒன்றின் சாறு கிளாசிக்கல் பாதை ஹீமோலிசிஸைக் குறைத்தல்". நீளம்தான், ஆனால் இதற்கு மேல் கேட்டால் பதில் சொல்ல முடியும்.

பிரச்சினை என்னவென்றால் 19ஐப் புதிதாக வளர்த்ததில் வீரியம் பாதிதான் இருக்கிறது. மூன்றாவது தடவை அதுவும் இல்லை. காலனியும் முன்பு போல வெள்ளையாக இல்லாமல் வழுக்கையாக இருக்கிறது. என்ன தப்பு செய்தேன்?


பெஞ்ச்_ஓரம் எழுதியது:

ஒரு வருஷமாக ஸ்லான்ட்டிலிருந்து (சாய்த்து உறைய வைத்த அகார் குழாய்) ஸ்லான்ட்டுக்கு மாற்றிக்கொண்டே இருந்திருப்பாய், சரியா? ஸ்ட்ரெப்டோமைசிஸின் குரோமோசோம் நேர்க்கோடு, நுனிகளில் பெரிய துண்டுகளாகவே உதிர்ந்துபோகும். சோறு சும்மா கிடைக்கிற தட்டில் அந்த ஆயுதம் இல்லாதவனும் பிழைத்துக்கொள்வான். வழுக்கைக் காலனி என்றால் விதை மாதிரியான ஸ்போர் போடுவதையும் விட்டுவிட்டது. முதல் தட்டு எங்கேயாவது காய்ந்துபோய்க் கிடந்தால் தூக்கிப் போடாதே, அதன் ஓரத்தில் பொடியாக இருக்கும் ஸ்போரைச் சுரண்டிப் பார். கிடைத்தால் அன்றைக்கே 20 சதவீதக் கிளிசராலில் பத்து குழாய் வைத்துவிடு, இனி அதிலிருந்து மட்டும் எடு.


வெண்ணாற்றங்கரை எழுதியது:

முதல் தட்டு கிருமியைக் கொல்லும் ஆட்டோகிளேவில் போய்விட்டது அக்கா. நானேதான் போட்டேன்.

ஆனால் இந்த வருஷமும் அதே பங்கில் உளுந்துதான், பிடுங்கி முடித்து வயல் சும்மா வெடித்துக் கிடக்கிறது. மேட்டூர் ஜூன் 12 திறந்தால் குறுவை போடுகிறேன் என்று அப்பா டிராக்டருக்குச் சொல்லி வைத்திருக்கிறார். அதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை போய் ஒரு வாளி மண் எடுத்து வந்துவிடுகிறேன்.


கடைமடைக்காரன் எழுதியது:

வாளி எதுக்கும்மா, பத்துப் பத்து கிராமாக ஐந்தாறு இடத்தில் எடுங்க. எந்த வரப்பிலிருந்து எத்தனை அடி என்று ஒவ்வொரு கவரிலும் பென்சிலில் எழுதுங்க, பேனா மை ஈரத்தில் அழிந்துவிடும். தண்ணீர் எங்கள் பக்கம் வந்து சேர எப்படியும் தாமதமாகும், உங்கள் வயலில் கிடைக்கவில்லை என்றால் சொல்லுங்க, இங்கே வரப்போரம் நானும் எடுத்துத் தருகிறேன்.